ஆவணத்தைப் படமாக்கும் முன் அமானிதத்தை நினையுங்கள்

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த விலைக்கூறலை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகத் தெரியும். பில் அடிக்கும் சிறு பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆதலால் ஆவணத்தைப் படமாக மாற்றும் தேவை நமது வியாபாரிகளுக்கு அடிக்கடி ஏற்படுகின்றது. பலரும் நாடுவது இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களையே. இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும் என்பது எனது கருத்து.

முதலாவது, எந்த வகைப் படம் என்பது. இத்தளங்களின் பட்டியலில் போர்ட்டபிள் பிட்மெப், கிரேமெப், பிக்ஸ்மெப் என்ற பெயர்களைக் காணலாம். முறையே கறுப்பு வெள்ளை, சாம்பல், வர்ணப் படங்களுக்கானவை இவை. மின்னஞ்சலில் வெறும் எழுத்து மட்டுமே பிழையின்றிப் போய்ச் சேர்ந்த 1980களில், படத்தையும் எழுத்தாகவே அனுப்புவதற்கு ஜெப் பொஸ்கான்சர் என்பவர் பிட்மெப் முறையை உருவாக்கினார். அந்தக் கோப்பைத் திறந்தால் முதலில் 'பி1' என்ற அடையாளமும், அடுத்து அகலமும் உயரமும் இருக்கும். அதன் பின் கறுப்புப் புள்ளிக்கு 1, வெள்ளைப் புள்ளிக்கு 0 என்று எண்கள் வரிசையாக நிற்கும்.

இதன் பலவீனம் பருமன். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் மாற்றினால் 2480 க்கு 3508, அதாவது சுமார் 87 இலட்சம் புள்ளிகள். கறுப்பு வெள்ளையிலேயே ஒரு பக்கம் 8 எம்.பி.யைத் தாண்டும். வர்ணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் தேவை என்பதால் 100 எம்.பி. வரை போகலாம். எனவே வாடிக்கையாளருக்கு அனுப்ப இது உகந்ததல்ல. பில் பிரின்டருக்கு மென்பொருள் எழுதுபவர் கேட்டால் மட்டும் கொடுங்கள். 80 மில்லிமீற்றர் தாளில் அச்சிடும் பிரின்டர்கள் பலவற்றுக்கு ஒரு வரியில் 576 புள்ளிகளே உள்ளதால், கடைச் சின்னத்தை அந்த அகலத்துக்குள் அமைத்துக் கொடுத்தால் போதுமானது.

இரண்டாவது விடயம் இதைவிடப் பாரதூரமானது. நீங்கள் பதிவேற்றும் இன்வொய்ஸ் முகமறியாத ஒருவரின் கணனிக்குப் போகின்றது. அதில் உங்கள் கையொப்பம், இறப்பர் முத்திரை, வங்கிக் கணக்கு இலக்கம், வாடிக்கையாளரின் பெயர், அவருக்குக் கொடுத்த விலை அனைத்தும் உண்டு. கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி அதே இன்வொய்ஸை வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒரு மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. நிறுவனத்தின் டென்வர் அலுவலகம், இலவசக் கோப்பு மாற்றித் தளங்கள் சிலவற்றின் மூலம் கணனிக்குள் தீய மென்பொருள் நுழைவதாகவும் வங்கி விபரங்கள் திருடப்படுவதாகவும் எச்சரித்தது. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது.

இத்தனைக்கும் இந்த வேலையைச் சொந்தக் கணனியிலேயே செலவின்றிச் செய்யலாம். வாடிக்கையாளருக்கு அனுப்புவதாயின் வேர்ட் அல்லது லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் பி.டி.எப். ஆகச் சேமியுங்கள். எழுத்துருவும் அதனுள்ளேயே சேர்ந்துகொள்வதால் தமிழ் சிதையாது. பிட்மெப்தான் வேண்டுமென்றால், கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் அந்த பி.டி.எப். கோப்பைத் திறந்து ஏற்றுமதி செய்யுங்கள். ரோ, அஸ்கி என்று அது கேட்கும்போது, எழுத்து வடிவம் தேவையெனின் அஸ்கியைத் தெரிவு செய்ய வேண்டும். ஒருமுறை நிறுவிவிட்டால் இதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. படமாக மாறிய ஆவணத்தில் சொல்லைத் தேடவோ தொகையைத் திருத்தவோ இயலாது என்பதால் மூலப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

வாடிக்கையாளர் நம்மை நம்பித் தரும் பணம் மட்டுமல்ல, அவரது பெயரும் கணக்கு விபரமும்கூட நம்மிடமுள்ள அமானிதமே. ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காக அதனை ஊர் பேர் தெரியாதவர் கையில் ஒப்படைப்பது நல்ல வியாபாரிக்கு அழகல்ல.