வடசென்னை தேர்ந்தெடுத்த யாழ்ப்பாணத்து மனிதர்

1957ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில், காமராஜரின் தலைமையில் நின்ற காங்கிரஸ் சென்னை ராஜ்யச் சட்டசபையின் 205 ஸ்தானங்களில் 151ஐக் கைப்பற்றிப் பெருவெற்றி அடைந்த அதே வேளையில், வடசென்னை வாக்காளர்கள் லோக சபைக்கு அனுப்பிவைத்த பிரதிநிதி எந்தக் கட்சியின் சின்னத்தையும் நம்பி நின்றவர் அல்லர், சுயேச்சையாக நின்றவர். அவர் பிறந்த ஊர் இராயபுரமும் அன்று, பெரம்பூரும் அன்று. கடலுக்கு அப்பாலிருக்கும் யாழ்ப்பாணம். எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை என்ற அந்த மனிதர், ஜாதி பலமோ பூர்வீகச் சொத்தோ ஒரு சிறிதும் இல்லாத நகரத்தில் எவ்வாறு பாராளுமன்றம் வரை சென்றார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1914இல் பிறந்த அவர் கொழும்பிலும் பின்னர் லண்டனிலும் உயர்கல்வி கற்றார். அக்காலத்து யாழ்ப்பாண வாலிபர் ஒருவர் இத்தகைய படிப்புடன் திரும்பினால், அரசாங்க உத்தியோகம் அவருக்காகக் காத்திருக்கும். குடும்பமும் அதையே எதிர்பார்க்கும். அவரோ, 1935இல் தோன்றிய லங்கா சம சமாஜக் கட்சியில் சேர்ந்து, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்துவந்த தமிழ்க் குடும்பங்களிடையே சங்கம் அமைக்கப் புறப்பட்டார். அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான பிலிப் குணவர்த்தனாவின் சகோதரி கரோலினை அவர் மணந்துகொண்டார். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவரும் சிங்கள மாதும் இல்லறத்தில் இணைந்ததோடு, ஒரே அரசியல் விரதத்தையும் ஏற்றனர்.

யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் சர்க்கார் அக்கட்சியின் தலைவர்களைச் சிறையிலடைத்தது, கட்சி தலைமறைவாயிற்று. 1942இல் தம்பதிகள் இருவரும் இந்தியா வந்து, புதிதாகத் தோன்றியிருந்த இந்திய போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சியின் வேலையில் ஈடுபட்டனர். டிராட்ஸ்கியின் வழியைப் பின்பற்றிய அந்தச் சிறு கட்சிக்கு ஆட்பலமும் இல்லை, பணபலமும் இல்லை. மதுரையில் மறைந்து வேலை செய்தது, கைதாகிச் சிறை சென்றது ஆகிய அத்தியாயங்களை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. நமக்கு முக்கியமானது, 1946இல் அவர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானதுதான்.

அந்தச் சங்கத்தின் பெருமையை அறியாதவருக்கு அந்தோணிப் பிள்ளையின் வெற்றி விளங்காது. பின்னி கம்பெனியின் நிர்வாகத்திலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளருக்காக, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் இருவரின் முயற்சியால், பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு 1918 ஏப்ரல் 27ஆம் தேதி அது ஆரம்பமாயிற்று. இந்திய நாட்டில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திர ஆசிரியர்கள் அதனையே குறிப்பிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரத்தை நாற்பது நிமிஷமாக்கு என்பது அதன் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. பத்து நிமிஷம் அதிகம் வேண்டும் என்று கேட்பதற்குக்கூட ஒரு சங்கம் தேவையாயிருந்தது என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. 1920இல் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியாவின் மீது தடையுத்தரவு வாங்கியது; தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கிளர்ச்சி அதனால் வலுத்து, 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது. இடையே 1921இல், பல மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தையும் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தையும் ஆலைகள் இருந்த பெரம்பூர் கண்டது. திரு.வி.க. போன்ற பெரியார் தலைமை தாங்கிய ஸ்தாபனத்துக்கு, முப்பத்திரண்டு வயதுள்ள அந்நியர் ஒருவரைத் தொழிலாளர்கள் தலைவராக ஏற்றார்கள் என்றால், அவர்களுடைய நம்பிக்கையை அவர் எவ்வளவு சீக்கிரத்தில் சம்பாதித்திருக்க வேண்டும்!

மறு வருஷமே அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. 1947 மார்ச்சில் சுமார் 14,000 ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஏறக்குறைய நூறு நாள் நீடித்தது அந்தப் போராட்டம். அந்தோணிப் பிள்ளை கைது செய்யப்பட்டார்; முதுமை எய்திய திரு.வி.க. வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்களே இருந்த நாட்கள் அவை. நடவடிக்கை எடுத்ததோ காங்கிரஸ் மந்திரிசபை. வடசென்னைத் தொழிலாளர் பலரின் மனத்தில் ஆளுங்கட்சியிடம் ஏற்பட்ட கசப்பு, பத்து வருஷத்துக்குப் பின் வாக்குப் பெட்டியில் வெளிப்பட்டது என்பது என் அபிப்பிராயம். அதே 1947 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்காவில், டக்கார்–நைஜர் ரயில்வேத் தொழிலாளர்கள் பிரெஞ்சு நிர்வாகத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கி, அடுத்த மார்ச் வரை தளராமல் நின்றார்கள். அத்தகைய தொழிற்சங்க இயக்கத்திலிருந்துதான் அங்கேயும் பாராளுமன்றப் பிரதிநிதிகள் எழுந்தனர். தபால் இலாகாவில் சங்கம் அமைத்த கினி தேசத்துச் சேக்கு தூரே, 1956இல் பாரிஸ் தேசிய சபையில் அங்கத்தினராக அமர்ந்தார்.

இலங்கையில் பிறந்தவர் இந்தியப் பாராளுமன்றத்தில் அமர்வது எப்படி என்று வாசகர் கேட்கக்கூடும். பிறந்த இடம் அதற்குத் தடையன்று. பிரஜா உரிமையே நிபந்தனை. இந்நாட்டை நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டு, அரசியல் சாசனம் அமலுக்கு வருவதற்கு முன் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இங்கே வசித்தவருக்கும் சாசனத்தின் 5ஆம் ஷரத்து அவ்வுரிமையை அளித்தது. இலங்கையோ 1948இல் இயற்றிய பிரஜா உரிமைச் சட்டத்தால், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்துவந்த லட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கிவிட்டது. 1947இல் அவர்களுடைய ஆதரவால் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் அந்நாட்டுப் பாராளுமன்றம் சென்றிருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் செல்ல முடியவில்லை. எந்தத் தோட்டத் தொழிலாளருக்காக அந்தோணிப் பிள்ளை இளமையில் உழைத்தாரோ, அவர்கள் அங்கே வாக்குரிமை இழந்து நின்றபோது, இங்கே அவரை ஆலைத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் தங்கள் குரலாக டில்லிக்கு அனுப்பினார்கள். இரண்டு தேசங்களின் போக்கையும் ஒப்பிட்டு நோக்க விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

1948இல் அவருடைய சிறு கட்சி சோஷலிஸ்ட் கட்சியுடன் கலந்தது. நகராண்மைக் கழகத்திலும் சட்டசபையிலும் அவர் பணியாற்றினார். ஆயினும் அவருடைய ஆயுளின் பெரும்பகுதியைத் தனதாக்கிக்கொண்டது ஹார்பர்தான். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளிக்கு அந்நாளில் மாதச் சம்பளம் என்பதே கிடையாது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. வந்த நாளிலும் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பவர் மேஸ்திரி. அவருடைய தயவுக்கு விலையும் உண்டு. இந்த அநியாயத்தைக் களைவதற்காக 1948இல் ஒரு சட்டம் பிறந்தது. தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, முறை வைத்து வேலை கொடுத்து, வேலை இல்லாத நாளுக்கும் குறைந்தபட்சக் கூலி அளிக்கும் திட்டங்களுக்கு அது வழி செய்தது. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் அமரும் வாரியங்கள் பெரிய துறைமுகங்களில் அதன் பயனாக ஏற்பட்டன. காகிதத்திலுள்ள சட்டத்தைக் கப்பல் துறையில் நடைமுறையாக்குவதற்கு இடைவிடாத சங்க வேலை வேண்டியிருந்தது. பதிவேட்டில் விட்டுப்போன ஒரு பெயருக்காகவும், குறைந்துபோன ஒரு நாள் கூலிக்காகவும் மனு எழுதி வாதாடும் அலுப்பான காரியம் அது. துறைமுகத் தொழிலாளர் இயக்கத்திலும் ஹிந்த் மஸ்தூர் சபா என்னும் தொழிற்சங்க சம்மேளனத்திலும் அகில இந்தியத் தலைவராக அந்தோணிப் பிள்ளை உயர்ந்ததற்கு, அந்தக் காரியத்தில் அவர் காட்டிய சிரத்தையே ஆதாரம்.

1962இல் வடசென்னை காங்கிரஸ் வசமாயிற்று; 1967இல் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரனிடம் சென்றது. பாராளுமன்றப் பதவி போன பின்னரும் அந்தோணிப் பிள்ளை தொழிற்சங்கத்தை விடவில்லை. சேக்கு தூரே கினி நாட்டின் அதிபராகி, 1961இல் ஆசிரியர் சங்கத் தலைவர்களையே சிறையிலிட்டவர் என்பதை எண்ணும்போது, அதிகாரம் சிறிதளவே கிட்டிய நம்மவர் கடைசிவரை தொழிலாளர் பக்கத்தில் நின்றது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பின்னி ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. 2000ஆம் வருஷத்தில் அந்தோணிப் பிள்ளை காலமானார். அதற்கடுத்த வருஷம் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி வியாபாரமும் நாளடைவில் அங்கே பெயர்ந்தது.

இராயபுரமும் திருவொற்றியூரும் இன்றும் அதே வடசென்னைத் தொகுதியில்தான் இருக்கின்றன. அங்கே சரக்குப் பெட்டகங்களுக்கிடையே ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியினராயினும், பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற அவர் என்ன செய்தார் என்று முதலில் கேளுங்கள்.