பலர் கூடி நடத்தும் கதை

ஒரு கதையை ஒருவரே எழுதும்போது அதன் கடிவாளம் அவர் கையிலேயே இருக்கின்றது. தலைவனைக் காட்டுக்கு அனுப்புவதும் மீண்டும் நாட்டுக்குக் கொணர்வதும் அவர் விருப்பம். ஆனால் ஐவரோ பதின்மரோ கூடி ஒரே கதையை நடத்தத் தொடங்கினால் கடிவாளம் யார் கையில் இருப்பது? ஒருவர் மாய்த்த வீரனை மற்றொருவர் உயிர்ப்பிக்கலாமா? இருவருக்கும் பொதுவான பாத்திரத்தை ஒருவர் கருணை வள்ளலாகவும் மற்றவர் கொடியவனாகவும் காட்டினால் எது மெய்? இக்கேள்விகள் இன்று நம் இல்லங்களிலேயே எழுகின்றன.

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், மாலைப் பொழுதில் கணினியின் முன் அமர்ந்து, தொலைவிலுள்ள நண்பர்களோடு வேடமேற்று விளையாடுகின்றனர். ஒருவர் அரசன், ஒருவர் ஒற்றன், ஒருவர் வழிப்போக்கன். தம் பாத்திரம் என்ன செய்கின்றது, என்ன சொல்கின்றது என்பதை ஒருவர் எழுத, மற்றவர் தம் பாத்திரத்தின் வாயிலாக விடை எழுதுகின்றார். முடிவு முன்னரே வகுக்கப்படுவதில்லை. எழுத எழுதக் கதை வளர்கின்றது.

இவ்விளையாட்டு முறை மேனாட்டில் அண்மைக் காலத்தில் உருப்பெற்றது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டு 1974இல் வெளிவந்தது. நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவது அது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே வேளையில் கணினி வழியே புகுந்து உலவத்தக்க கதையுலகு ஒன்றை அமைத்தார். ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். இன்றைய வலைவழி விளையாட்டுகள் பலவற்றிற்கு இவ்விரண்டுமே முன்னோடிகள்.

கருவி புதியதாயினும் இதன் உள்ளீடாகிய கலை நமக்குப் புதியதன்று. முன்பின் கூடி ஒத்திகை பாராதவர்கள் ஓரிரவு முழுவதும் ஒரு கதையைச் சிதையாமல் நடத்திச் செல்லும் அரங்குகள் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளன. அவற்றுள் ஒன்றைக் காணத் திருவனந்தபுரத்திற்கே செல்லலாம்.

அந்நகரம் கதகளிக்குப் பெரும் புரவலாக விளங்கியது. 'கீசகவதம்', 'உத்தரா சுயம்வரம்', 'தட்சயாகம்' ஆகிய ஆட்டக்கதைகளை இயற்றிய இரயிம்மன் தம்பி (1782–1856) அந்நகர் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தவர். 1970இல் அப்புக்குட்டன் நாயர் தோற்றுவித்த 'மார்கி' என்னும் நிறுவனம் அங்கே கதகளியையும் கூடியாட்டத்தையும் பயிற்றி வருகின்றது. அதன் கூடியாட்டப் பள்ளி அமைந்துள்ள வலியசாலைப் பகுதி, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடமும் ஆகும்.

கதகளியில் நடிகர் பேசுவதில்லை. பின்னே நின்று பாடகர் இருவர் பாட, நடிகர் கைமுத்திரையாலும் கண்ணாலும் பொருளைக் காட்டுகின்றார். வழக்கமாக ஆடப்படும் கதைகளுக்குத் தேர்ந்த கலைஞர்கள் பெரும்பாலும் ஒத்திகை பார்ப்பதில்லை. ஒருவர் வடக்கிலிருந்தும் ஒருவர் தெற்கிலிருந்தும் அன்று மாலை வந்து சேர்ந்து, வேடம் புனைந்து, விளக்கின் முன் நிற்பர். எனினும் கதை தடுமாறுவதில்லை. காரணங்கள் யாவை?

முதலாவது, அனைவருக்கும் பொதுவான பனுவல். ஆட்டக்கதையின் பதங்களை நடிகரும் பாடகரும் கொட்டுக்காரரும் ஒருங்கே அறிந்திருக்கின்றனர். இரண்டாவது, பொதுவான குறியீடு. 'அஸ்தலட்சண தீபிகை' என்னும் நூலை ஒட்டிய 24 அடிப்படை முத்திரைகள் எல்லாக் கதகளிக் கலைஞர்க்கும் எழுத்துகள் போன்றவை. வேடமும் குறியீடே: பச்சை முகம் மேன்மக்களுக்கு, கத்தி வேடம் செருக்குற்ற வீரர்க்கு, வெள்ளைத்தாடி அனுமனுக்கு. அரங்கில் தோன்றிய கணமே இவர் யார், எவ்வாறு நடப்பார் என்பது உடன் ஆடுவோர்க்குத் தெளிவாகின்றது. மூன்றாவது, பொதுவான வழிகாட்டி. முன்பாட்டுக்காரராகிய பொன்னானி, கையிலுள்ள சேங்கலத்தால் தாளத்தைக் காத்து, நடிகர் முத்திரையை முடிக்கும் வரையில் அதே அடியைத் திரும்பப் பாடி, அவர் முடித்ததும் அடுத்த அடிக்குச் செல்கின்றார். எவரையும் விரட்டாமலும் எவரையும் தேங்கவிடாமலும் கதையை நகர்த்தும் பொறுப்பு அவருடையது.

அங்ஙனமாயின் நடிகருக்கு உரிமையே இல்லையா என்று நாம் ஐயுறலாம். உண்டு, ஆனால் அதற்குக் கரை உண்டு. 'கல்யாண சௌகந்திகம்' என்னும் கதையில், திரௌபதி விரும்பிய மலரைத் தேடி வீமன் காட்டினுள் செல்கின்றான். அங்கே யானையை மலைப்பாம்பு பற்றுவதையும் சிங்கம் தாக்குவதையும் ஒரே நடிகர் தம் உடலாலேயே மாறி மாறிக் காட்டுவார். பாட்டில்லாத இப்பகுதியைத் திறமைக்கேற்ப விரிக்கலாம், சுருக்கலாம். ஆயினும் முடிவில் வீமன் அனுமன் இருக்கும் இடத்திற்கு வந்தே தீரவேண்டும். அனுமனாக வேடமிட்டவர் தம் முறைக்காகக் காத்திருக்கின்றார் அல்லவா? வழியில் எத்துணை வேண்டுமாயினும் உலாவுக. பிறர் காத்திருக்கும் இடத்தை மாற்றற்க. இதுவே அங்குள்ள எழுதாச் சட்டம்.

ஒரு பாத்திரத்தை இருவர் பங்கிடுவதும் உண்டு. உண்ணாயி வாரியரின் 'நளசரிதம்' நான்கு நாள் ஆட்டக்கதை. அதன் மூன்றாம் நாளில், கார்க்கோடகன் என்னும் பாம்பு தீண்டியதால் நளன் உருமாறிப் பாகுகன் ஆகின்றான். தீண்டுமுன் நளனாக ஆடுபவர் ஒருவர். தீண்டியபின் பாகுகனாக ஆடுபவர் வேறொருவர். முன்னவர் தமயந்தியைப் பிரிந்த துயரைக் காட்டிச் செல்ல, பின்னவர் அத்துயரைத் தமதாக்கிக்கொண்டு தொடர்கின்றார். முன்னவர் காட்டாத ஒன்றைப் பின்னவர் நினைவுகூர்வதில்லை, காட்டியதை மறப்பதுமில்லை. ஆதலின் பார்ப்போர் கண்ணுக்கு உடல் இரண்டாயினும் உள்ளம் ஒன்றாகவே தோன்றுகின்றது.

தமிழகத்து மேடையிலும் இதற்கு இணை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலிய நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில் ஆடப்பட்டு வருகின்றன. நிலையான குழு அதற்கு இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடையில் சந்திக்கின்றனர். வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே நிகழும் தர்க்கம் அன்றன்று புதிதாகச் சூடு பிடிக்கும். ஆனால் தர்க்கத்தில் வெல்லும் ஆவலால் எவரும் வள்ளியின் மணத்தைத் தடுத்துவிடுவதில்லை. எதிர்நிற்பவர் வாயடைத்து நின்றால் நாடகமே நின்றுவிடும் என்பதை அவர்கள் அறிவர். எனவே ஒவ்வொரு வினாவும் எதிராளிக்கு விடை கூற இடம் வைத்தே தொடுக்கப்படுகின்றது.

இனி நம் பிள்ளைகளின் விளையாட்டுக்கு வருவோம். அவர்களுக்கு மரபு தந்த பனுவல் இல்லை. ஆகையால் அதனை அவர்களே ஆக்கிக்கொள்ள வேண்டும். கதையில் இதுவரை நடந்தவற்றை நாள்தோறும் சுருக்கமாகப் பதிந்துவைக்கும் பொதுக் குறிப்பேடு ஒன்று தேவை. ஒவ்வொரு பாத்திரத்தின் பெயர், வயது, இயல்பு, அறிந்தவை, அறியாதவை ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். ஒற்றன் அறிந்த மறைபொருளை அரசனாக ஆடுபவர் தாமும் படித்திருக்கலாம். ஆனால் அரசன் அதனை அறியான். ஆடுபவர் அறிவையும் பாத்திரத்தின் அறிவையும் வேறுபடுத்துவது இவ்விளையாட்டின் முதற்பாடம்.

பொதுப் பாத்திரத்தை ஒரு வேளையில் ஒருவரே நடத்தவேண்டும்; கைமாற்றும்போது, எந்நிலையில் விடுகின்றோம் என்பதை அடுத்தவர்க்குச் சொல்லிவிட வேண்டும். பிறர் பாத்திரம் என்ன நினைத்தது, எங்ஙனம் வீழ்ந்தது என்பதை நாமே எழுதிவிடலாகாது. 'வாளை ஓங்கினான்' என்பது நம் உரிமை. வெட்டுப்பட்டதா, விலகியதா என்பது எதிரே நிற்பவர் உரிமை. ஒரு பாத்திரத்தை மாய்ப்பதாயின் அதனை உருவாக்கியவரின் இசைவு வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, பொன்னானியைப் போல ஒருவர் வேண்டும். அவர் கதையின் தலைவர் அல்லர்; முறையைக் காப்பவர். பின்தங்கியவர்க்காகச் சற்றே நிறுத்தி, முந்துபவரை அடக்கி, பிணக்கு எழுந்தால் குறிப்பேட்டைத் திறந்து காட்டுபவர்.

விளையாட்டிற்கு இத்துணை ஒழுங்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். இத்தகைய கூட்டங்கள் உடைவது பெரும்பாலும் கதையின் குறையால் அன்று. 'என் பாத்திரத்தை என்னைக் கேளாமல் கெடுத்துவிட்டான்' என்னும் மனத்தாங்கலால். கதை நின்றால் நட்பும் நிற்கின்றது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கோ இழப்பு அதனினும் பெரிது. பள்ளியில் மலையாளமோ இந்தியோ ஆங்கிலமோ பயிலும் நம் பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழ் நாவில் உண்டு. அதனை எழுதிப் பழகும் வாய்ப்பு அரிது. மதுரையிலுள்ள மாமன் மகனோடும் தில்லியிலுள்ள தோழியோடும் கூடி ஒரு கதையைத் தமிழில் நடத்தினால், கடிந்துரையும் கட்டாயமும் இன்றி அவர்கள் நாள்தோறும் சில வரிகளேனும் எழுதுவர். பாத்திரத்தைப் பேசவைப்பதற்காகச் சொல் தேடுவர். தெரியாத சொல்லைப் பாட்டியிடம் கேட்பர்.

ஆகவே, பிள்ளைகள் இவ்விளையாட்டில் ஈடுபடுவதைக் கண்டால் உடனே தடுக்காமல், அருகமர்ந்து 'கதை எதுவரை வந்துள்ளது?' என்று கேட்போம். முகம் அறியாத அயலார் எவரேனும் உடன் ஆடுகின்றனரா என்பதையும் அவ்வேளையிலேயே அறிந்துகொள்வோம். குறிப்பேட்டை எழுதத் துணைபுரிவோம். விடுமுறையில் அவர்களை ஒருநாள் கதகளி அரங்கிற்கோ, ஊர்த்திருவிழாவின் நாடக மேடைக்கோ அழைத்துச் சென்று, அங்கே கலைஞர்கள் ஒருவர்க்கொருவர் இடம்விட்டு ஆடும் முறையைச் சுட்டிக்காட்டுவோம்.