இதற்கு முன் என்ன வேலை பார்த்தது?

1956-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் ஒரு குட்டி வண்டி செய்தார். பந்தயக் கார் கட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே கிறுக்கு. இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் சட்டம், நாலு சின்னச் சக்கரம், தரையை உரசும் உயரத்தில் ஒரு இருக்கை. இன்ஜினுக்கு எங்கே போவது? புல்வெட்டும் இயந்திரத்துக்கென்று செய்து, விலைபோகாமல் தேங்கிக் கிடந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் மலிவாகக் கிடைத்தன. திறன் வெறும் 2.5 குதிரை. ஒன்றை வாங்கி இருக்கைக்குப் பின்னால் பூட்டினார். கோ-கார்ட் பந்தயம் பிறந்தது அப்படித்தான்.

அதற்குப் பத்து வருடம் முன்பு, போரில் நொறுங்கிய ஜப்பானின் ஹமமட்சு நகரில் சொய்ச்சிரோ ஹோண்டாவும் இதையே செய்தார். ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன ஜெனரேட்டர் இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் மாட்டி விற்றார். பிரேசிலில் அயர்டன் சென்னாவுக்கு நாலு வயதில் அவருடைய அப்பா செய்துகொடுத்த கார்ட்டில் இருந்ததும் ஒரு குதிரைத்திறன் கொண்ட புல்வெட்டி இன்ஜின்தான். இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1973 முதல் புல்வெட்டும் வண்டியையே, கத்தியை மட்டும் கழற்றிவிட்டு, பந்தயத்தில் ஓட்டுகிறார்கள்.

வீட்டில் செய்யும் பந்தய வண்டிக்கென்று பிறந்த இன்ஜினைத் தேடினால் விலை கையைக் கடிக்கும். மலிவாகக் கிடைப்பதெல்லாம் வேறு வேலையிலிருந்து வந்தவை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவதைப் போல, அவையும் பழைய வேலையின் பழக்கத்தை விடுவதில்லை. அதனால் கடையில் போய் "எத்தனை ஹெச்பி?" என்று கேட்பதைவிட, "இதற்கு முன் என்ன வேலை பார்த்தது?" என்று கேட்பது உருப்படியான கேள்வி.

திருவிழாவில் சீரியல் பல்புக்கு ஓடும் ஜெனரேட்டரையும், வயலில் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்பையும் எடுத்துக்கொள்வோம். ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 200 இந்தக் குடும்பத்தின் பிரபலமான பிள்ளை: 196 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், சுமார் ஐந்தரை குதிரைத்திறன். அந்தத் திறன் குறிக்கப்படுவது நிமிடத்துக்கு 3600 சுற்றில். அது என்ன கணக்கு? அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 அலை. எளிய ஜெனரேட்டர் ஒரு சுற்றுக்கு ஓர் அலை தரும். நொடிக்கு 60 சுற்று என்றால் நிமிடத்துக்கு 3600. நம் ஊரில் 50 அலை என்பதால் அதே இன்ஜின் ஜெனரேட்டரில் 3000 சுற்றில் ஓடும். சுமை ஏறினாலும் இறங்கினாலும் வேகம் மாறக் கூடாது; மாறினால் பல்பு மினுக்கும். அந்தக் காவலுக்கு வைத்த ஆள்தான் கவர்னர்.

இந்த இன்ஜினுக்கு வேகம் கிடையாது, ஆனால் தாழ்ந்த சுற்றிலேயே நல்ல முறுக்கு உண்டு. 2500 சுற்றில் சுமார் 12 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஒன்றேகால் கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ அவ்வளவு. இதுவா ஆளைச் சுமந்து பறக்கப்போகிறது என்று தோன்றும். மாயம் பல்சக்கரத்தில் இருக்கிறது. இன்ஜின் பக்கம் 10 பல், அச்சின் பக்கம் 60 பல் வைத்தால் வேகம் ஆறில் ஒன்றாகும். முறுக்கு ஆறு மடங்காகும். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் அது ஏறக்குறைய 52 கிலோ எடைக்குச் சமமான தள்ளலாக மாறுகிறது. ஆளும் வண்டியுமாக 150 கிலோ என்றால் கழுத்து பின்னுக்குச் சாயும். ஆனால் 3600 சுற்றில் உச்ச வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர்தான். 60 பல்லை 40 ஆக்கினால் வேகம் 47-ஐத் தாண்டும். தள்ளல் 35 கிலோவாக இறங்கிவிடும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும் போர்வை இது. குதிரைத்திறன் என்பது முறுக்கும் சுற்றும் பெருகி வரும் எண் மட்டுமே. அந்தத் திறனை வேகமாக வாங்குவதா இழுவையாக வாங்குவதா என்பதைப் பல்லின் எண்ணிக்கை சொல்கிறது. குறுகிய, வளைவு நிறைந்த தடத்துக்கு 60 பல். நீண்ட நேர்த்தடம் இருந்தால் 40.

வேகம் போதவில்லை என்றதும் பையன்கள் முதலில் கைவைப்பது கவர்னரில். அதைக் கழற்றினால் இன்ஜின் 6000 சுற்றைத் தொடும் என்பது உண்மை. 3600 சுற்றிலேயே பிஸ்டன் நொடிக்கு 120 முறை நின்று திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து இழுப்பது அலுமினியத்தில் வார்த்த கனெக்டிங் ராடு. அதன் மேல் விழும் இழுப்பு, சுற்றின் இருமடியில் ஏறும். 6000 சுற்றில் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பம்புக்கென்று வார்த்த ராடு அதற்குத் தயாராக இல்லை. வார்ப்பிரும்பு ஃபிளைவீலும் அப்படியே. அது சிதறினால் சில்லுகள் பறக்கும், பக்கத்தில் இருப்பது ஓட்டுபவரின் முதுகு. கவர்னரைக் கழற்றிப் பந்தயம் விடும் விவரமானவர்கள் இந்த இரண்டையும் முதலில் மாற்றிவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கம், இந்த இன்ஜின் ஆடாமல் நிற்க வேண்டும் என்று நினைப்பது. உள்ளே எண்ணெய் பம்பு கிடையாது. ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி எண்ணெயை அள்ளி வீசுவதுதான் மொத்த மசகும். ஊட்டி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் மடியில் வைத்த சாம்பார் தூக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி வளைவில் எடையின் பாதியளவு பக்கவிசையோடு திரும்பினால், எண்ணெயின் மேல்மட்டம் 27 பாகை சாயும். கரண்டிக்கு அந்த நேரம் அகப்படுவது காற்று. எண்ணெய் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் உணரியும் ஏமாந்து, வளைவின் நடுவில் நெருப்பை அணைத்துவிடும்.

கார்புரேட்டரின் மிதவைக்கும் இதே தலைவலி. இங்கேதான் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தின் இன்ஜின் ஜெயிக்கிறது. மரம் வெட்டுபவர் ரம்பத்தை எப்படி வேண்டுமானாலும் திருப்புவார். அதனால் அதில் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு பெட்ரோலை அளந்து விடுகிறது. எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து வருகிறது. 1959-இல் ரம்பக் கம்பெனியான மெக்கல்லக், தன் ரம்ப இன்ஜினை மாற்றிச் செய்த எம்சி-10, கார்ட் பந்தயத்துக்கென்றே விற்பனைக்கு வந்தது. எடை குறைவு, சுற்று அதிகம். சத்தம், புகை இரண்டையும் தெருவே அனுபவிக்கும்.

நம் கல்லூரிப் பையன்களுக்குப் பிடித்தது பழைய பைக் இன்ஜின். 125 சிசியில் பத்துக் குதிரைக்கு மேல், கியர்பாக்ஸும் கூடவே. ஆனால் பைக்கில் அதைக் குளிர்வித்தது எதிர்க்காற்று. கார்ட்டில் அது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நாலு சுற்றில் கொதிக்கிறது. பம்பு இன்ஜின் நின்ற இடத்தில் உழைத்துப் பழகியது, விசிறியைத் தானே வைத்திருக்கிறது. ஸ்கூட்டர் இன்ஜினிலும் விசிறி உண்டு, கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் பின்சக்கரத்தோடு ஒட்டிப் பிறந்தது அது. பிரித்து அச்சில் பூட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கிளட்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஓசூரில் 1980 முதல் தயாரான டிவிஎஸ் 50-ஐ ஓட்டியவர்களுக்குத் தெரியும்: திருகினால் போகும், விட்டால் நிற்கும். சுற்று ஏறியதும் உள்ளிருக்கும் கட்டைகள் வெளியே விரிந்து உருளையைப் பிடித்துக்கொள்ளும். பம்பு இன்ஜினுக்கும் இதே வகைக் கிளட்ச் போதும். அகலக்கால் வைத்து, வளைவு நிறைந்த தடத்துக்கு 40 பல் மாட்டினால் அது நழுவி நழுவிக் கருகும், அவ்வளவுதான்.

முதல் வண்டிக்கு என் ஓட்டு 200 சிசி பம்பு இன்ஜினுக்கே. கவர்னரைத் தொடாதீர்கள். 60 பல்லில் ஆரம்பியுங்கள். இன்ஜினில் மிச்சமாகும் காசைப் பிரேக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் போடுங்கள். பதிவெண் இல்லாத வண்டி. ரோட்டுக்குக் கொண்டுபோகாமல், சுற்றுச்சுவர் உள்ள மைதானத்தில் ஓட்டுங்கள். செயினுக்கு ஒரு மூடி போட மறக்க வேண்டாம்.