தணிகை வட்டாரத்து நீர்ப் பெயர்கள்

ஆட்சி மாறும், மக்கள் பேசும் மொழியும் மாறும். ஆற்றின் பெயர் அத்தனை எளிதில் மாறுவதில்லை. ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி 1492ஆம் ஆண்டு கிரனடாவோடு முடிவுற்றது. எனினும், அந்நாட்டின் பெருநதி இன்றும் 'குவாதல்கிவிர்' என்றே வழங்குகிறது. 'வாதி அல்கபீர்', அதாவது பெரிய ஆறு என்னும் அரபுச் சொல்லே அது. அரபு மொழியில் ஓர் எழுத்தும் அறியாத ஸ்பானியக் குழந்தை அதனை நாள்தோறும் உச்சரிக்கின்றது!

இதன் சாயலைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. திருத்தணி வரை சென்றாலே போதும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், ம.பொ.சிவஞானம், கே.விநாயகம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நிலத்தில் எல்லைக்கல் நட்டார்கள். நீருக்கு யார் நடுவது?

லவா, குசா என்னும் இரு ஆறுகள் ஆந்திரப் பகுதியிலிருந்து இறங்கி, பள்ளிப்பட்டு அருகே கூடிக் கொசஸ்தலை ஆறாகின்றன. இவை இராமாயணத்து இரட்டையரின் பெயர்கள் என்பர். எனினும் 'குசம்' என்றால் தருப்பைப் புல், 'ஸ்தலம்' என்றால் இடம். புல் செழித்த கரை என்று பொருள் கொள்ளவும் அப்பெயர் இடந்தருகிறது. மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையும் அவ்வாறே. சரவணம் என்பது நாணற்காடு. கொசஸ்தலையை ஆங்கிலேயர் 'கொர்ட்டலையார்' எனத் தேய்த்துவிட, புல்லும் போயிற்று, பொருளும் போயிற்று. திருத்தணியை ஒட்டி ஓடும் நந்தியாறும், ஆந்திரத்து நகரியாறும் இதிலேயே கலக்கின்றன. பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கிச் சென்னைக்குக் குடிநீராவது இந்நீரே.

எல்லைக்கு அப்பால் நீர்வீழ்ச்சிகளின் பெயர்களில் 'கோன' என்னும் தெலுங்குச் சொல் மிகுதி. மலையிடுக்குப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். நகரிப் பக்கத்துக் கைலாசகோன, சேஷாசல மலையில் ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து விழும் தலகோன ஆகியவை அத்தகையன. சத்தியவேடு பக்கத்து உப்பலமடுகுவில் உள்ள 'மடுகு', நம் 'மடு'வேதான், ஆழமான நீர்நிலை. நீந்தத் தெரியாதவனுக்குப் பெயரே எச்சரிக்கை.

2021 நவம்பரில் கிருஷ்ணாபுரம் அணையின் உபரி நீர் திறக்கப்பட்டபோது, பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்கள் மூழ்கின. பேராறு வருவதை வானொலி அறிவிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஓடும் சிற்றோடையை யார் அறிவிப்பார்? அதன் பெயர் முதியோரின் நாவில் மட்டுமே உள்ளது. அவர்கள் மறைந்தபின் ஓடை வெறும் பள்ளமாகிறது, பள்ளம் மனைப்பிரிவாகிறது, அடைமழையன்று ஓடை தன் பழைய வழியைத் தேடி வீட்டுக் கூடத்திற்குள் வருகிறது.

எனவே, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மனை வாங்கவிருக்கும் சகோதர, சகோதரிகளே! அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம், இந்த இடத்தை முன்பு என்ன சொல்லி அழைத்தீர்கள் எனக் கேளுங்கள். அவர் தமிழரோ, தெலுங்கரோ, உருது பேசும் நம்மவரோ, யாராயினும் சரி. அவர் சொல்லும் பெயரில் ஓடை, கால், மடு, தாங்கல் என்றோ, தெலுங்கில் வாகு, வங்க, குண்ட என்றோ வருமாயின், பத்திரத்தைப் புரட்டுமுன் நிலம் எப்பக்கம் சரிகிறது என்று நின்று பாருங்கள்.