உர மூட்டையில் பாதி தண்ணீர்: படிக நீர்க் கணக்கும் செம்பனைச் செலவும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துக்குச் செம்பனை புதிதல்ல. நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இம்மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. இன்று சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பெரிய செலவு உரம். அந்தச் செலவில் ஏமாறாமல் இருக்க, படிவம் 4 இரசாயனப் பாடத்தில் வரும் மோல் கணக்கு ஒன்று உதவுகிறது.

செம்பனையின் முதிர்ந்த மட்டைகளில் வெயில் படும் ஓலைகள் ஆரஞ்சு மஞ்சளாகி, நிழலில் இருக்கும் ஓலைகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது மெக்னீசியக் குறையின் அடையாளம். அதற்கு இடும் மெக்னீசியம் சல்பேட் இரு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று கீசரைட். மற்றொன்று, பெரியவர்கள் பேதி உப்பு என்று அறிந்த எப்சம் உப்பு. இரண்டும் ஒரே உப்புதான். உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவுதான் வேறு.

இந்தத் தண்ணீர் மழையில் நனைந்த ஈரம் அன்று. உப்பு படிகமாகும்போதே குறிப்பிட்ட விகிதத்தில் அதனுடன் சேர்ந்துகொள்ளும் நீர். தொட்டால் உலர்ந்தே இருக்கும். கீசரைட்டில் ஒரு பங்கு உப்புக்கு ஒரு பங்கு நீர்; எப்சம் உப்பில் ஏழு பங்கு நீர்.

கணக்கு எளிது. மெக்னீசியம் 24, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64. ஆக, நீரற்ற உப்பு 120. ஒரு பங்கு நீர் 18.

கீசரைட்: 120 + 18 = 138. இதில் நீர் 13 விழுக்காடு, மெக்னீசியம் 17.4 விழுக்காடு.

எப்சம் உப்பு: 120 + 126 = 246. இதில் நீர் 51 விழுக்காடு, மெக்னீசியம் 9.8 விழுக்காடு.

அதாவது, 50 கிலோ எப்சம் மூட்டையைத் தூக்கினால் 25 கிலோவுக்கு மேல் தண்ணீரைத்தான் தூக்குகிறோம். மரத்துக்குப் போய்ச் சேரும் மெக்னீசியம் 4.9 கிலோ. அதே எடைக் கீசரைட்டில், தூய நிலையில், 8.7 கிலோ. ஒரு கிலோ கீசரைட் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 1.8 கிலோ எப்சம் வேண்டும்.

விலையையும் இப்படியே ஒப்பிடலாம். உதாரணத்துக்கு, எப்சம் மூட்டை 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அதே எடைக் கீசரைட் மூட்டை சுமார் 107 ரிங்கிட்டுக்குக் கீழ் இருக்கும்வரை, மெக்னீசியக் கணக்கில் கீசரைட்தான் மலிவு. ஆனால் எப்சம் விரைவில் கரையும். ஓலையில் தெளிப்பதற்கு அதுவே ஏற்றது.

வட சிலாங்கூரில் ‘தானா கம்புட்’ எனப்படும் சதுப்பு மண் அதிகம். அம்மண்ணில் வளரும் செம்பனைக்குத் தாமிரக் குறை ஏற்படுவதுண்டு. அதற்குப் பயன்படும் மயில்துத்தம், அதாவது நீல நிறத் தாமிர சல்பேட், பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இருக்கும். அதில் எத்தனை பங்கு நீர் என்பதைச் சூடாக்கியே கண்டுபிடிக்கலாம்.

5 கிராம் நீலப் படிகத்தைப் பீங்கான் கிண்ணத்தில் சூடாக்கினால் நீர் வெளியேறி வெள்ளைத் தூளாகும். அதன் எடை 3.2 கிராம் என்றால், போன நீர் 1.8 கிராம். நீரற்ற தாமிர சல்பேட்டின் மோல் எடை 160. 3.2-ஐ 160-ஆல் வகுத்தால் 0.02, 1.8-ஐ 18-ஆல் வகுத்தால் 0.1. விகிதம் 1-க்கு 5. ஆக, ஐந்து பங்கு நீர்.

மாணவர்கள் இங்கே சறுக்குவது எடை போடுவதில்தான். ஒருமுறை சூடாக்கியதோடு நிறுத்தினால் நீர் மிச்சமிருக்கலாம். விடை ஐந்துக்குக் குறைவாக வரும். சூடாக்கி, ஆறவைத்து, எடை போட்டு, எடை மாறாத வரை திரும்பச் செய்ய வேண்டும். தூள் கறுத்தால் உப்பே சிதைந்துவிட்டது என்று பொருள். அந்தக் கணக்கு செல்லாது.

கடையில் சூடாக்கிப் பார்க்க முடியாது. மூட்டையில் அச்சிட்டுள்ள மெக்னீசியம் ஆக்சைடு விழுக்காட்டைப் பார்த்தால் போதும். எப்சம் உப்பில் அது 16 அளவில் இருக்கும். சந்தையில் விற்கும் கீசரைட்டில் 26, 27 அளவில் இருக்கும். விலையை அந்த எண்ணால் வகுத்து ஒப்பிட வேண்டும்.

அதற்கும் முன், மரத்துக்கு அந்தச் சத்து தேவையா என்பதை அறிய வேண்டும். கரையோரக் களிமண்ணில் மெக்னீசியம் பொதுவாகவே போதிய அளவு உண்டு. சந்தேகமிருந்தால், சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை வழங்கும் மலேசிய செம்பனை வாரியத்தின் ‘துனாஸ்’ அதிகாரிகளைக் கேட்கலாம். வீட்டில் படிவம் 4 படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த மூட்டை வாங்கும்போது கணக்கை அவரிடமே கொடுக்கலாம்.