சளி வைரஸுக்குள் ஒரு பள்ளத்தாக்கு

நமக்கு அடிக்கடி சளி பிடிப்பதற்கு முதன்மைக் காரணம் ரைனோவைரஸ். அதன் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். இந்த வைரஸை ஒரு சிறிய எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதே விகிதத்தில் மனிதரின் உயரம் 1,700 கிலோமீட்டர் ஆகும்! கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். சாதாரண நுண்ணோக்கிக்கு இது சிக்காது.

ஆனாலும் 1985-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ்மன் குழுவினர், ரைனோவைரஸ்-14 என்ற வகையின் முப்பரிமாண அமைப்பை அணுக்களின் இடம்வரை வரைந்துவிட்டார்கள். வைரஸ்களை வரிசை தவறாமல் அடுக்கிப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். சிதறிய கதிர்கள் படத்தில் புள்ளிகளாகப் பதிந்தன. கதிர் பட்டதும் படிகம் சிதையத் தொடங்கும். அதனால் பல படிகங்கள் தேவைப்பட்டன.

பெரிய சிக்கல் இனிமேல்தான். புள்ளியின் பிரகாசம் பதிகிறது; அலை ஏற்றத்தில் வந்ததா, இறக்கத்தில் வந்ததா என்பது பதிவதில்லை. இதைக் கட்டம் என்பார்கள். அது தெரியாமல் உருவத்தைக் கட்டி எழுப்ப முடியாது.

கைகொடுத்தது வைரஸின் சிக்கனம். அதன் மரபுச் செய்தி சுமார் 7,200 எழுத்துகள்தான். பலவிதப் புரதங்களால் ஓடு கட்ட அதற்கு வசதியில்லை. நான்கே புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள். மூன்று வெளியே, ஒன்று உள்ளே. எல்லாம் சேர்ந்து இருபது முக்கோண முகங்கள் கொண்ட இருபதுமுகி ஆகின்றன. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால், அவை ஒன்றுபோல் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை வைத்து, சூப்பர் கம்ப்யூட்டரில் சராசரி எடுத்து எடுத்துக் கட்டங்களைத் திருத்தினார்கள். மங்கலான வரைபடம் படிப்படியாகத் தெளிந்தது. அறிவியலில் நான் மிகவும் வியக்கும் உத்திகளில் இதுவும் ஒன்று.

தெளிந்த படத்தில், இருபதுமுகியின் 12 முனைகளைச் சுற்றியும் ஆழமான பள்ளத்தாக்குகள் தெரிந்தன. நம் எலுமிச்சம்பழக் கணக்கில் ஆழம் இரண்டரை மில்லிமீட்டர். நம் செல்லின் மேலுள்ள ஒல்லியான ஏற்பிப் புரதம் இதற்குள் நுழைந்து பொருந்துகிறது. வைரஸ் செல்லைப் பற்றும் இடம் இதுதான். உடலின் எதிர்ப்பொருள்கள் பருமனானவை, ஆகவே உள்ளே எட்டாது என்று ராஸ்மன் கருதினார். ஒரு எதிர்ப்பொருள் எட்டிவிடுகிறது என்று 1996-ல் தெரிந்தது. அந்தக் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

பள்ளத்தாக்கின் அடியில் இன்னொரு விந்தை: ஒரு சிறு பொந்து. அதில் ஒரு மூலக்கூறைச் செருகினால் ஓடு இறுகிப்போய், உள்ளிருக்கும் மரபுச் செய்தியை வெளிவிட முடியாமல் தவிக்கும். இப்படி உருவானதுதான் பிளெகோனாரில். 2002-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைச் சளி மருந்தாக ஏற்கவில்லை.

2016-ல், உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ராஸ்மன் குழு சி வகை ரைனோவைரஸையும் படம் பிடித்தது. குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டும் வகை அது. அதன் மேற்பரப்பில் விரல்போன்ற புடைப்புகள் இருந்தன. பொந்தோ, பருத்த அமினோ அமிலங்களால் அடைபட்டிருந்தது. பிளெகோனாரில் சி வகையிடம் பலிக்காததற்குக் காரணம் அந்த அடைப்புதான்.