நொதிகளின் உலகம் 17: எரிவது ஒன்று, ஒளிர்வது ஒன்று

பாக் நீரிணைக் கரையில் காரல் மீன் வலைவலையாக விழும். கருவாடாகும் அந்தச் சின்ன மீனின் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாத்தி என்ற பாக்டீரியா குடியிருந்து, ஓயாமல் நீலப்பச்சை ஒளி விடுகிறது. சென்ற வாரம் அறிமுகமான ஃபிளேவின் நொதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வெளிச்சத்தின் சூத்திரதாரியான லூசிஃபெரேஸ்தான்.

மின்மினியின் நொதிக்கும் இதே பெயர். ஆனால் சொந்தம் கிடையாது. மின்மினியினுடையது ஏ.டி.பி. கேட்கும். பாக்டீரியாவினுடையதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். வைட்டமின் பி2-விலிருந்து பிறக்கும் எஃப்.எம்.என். என்ற ஃபிளேவின், ஹைட்ரஜன் ஏறிய நிலையில் வேண்டும்; கூடவே நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட ஓர் ஆல்டிஹைடும் வேண்டும்.

இந்த ஆல்டிஹைடு பிடிபட்ட கதை வேடிக்கையானது. 1953-ல் கார்மியரும் ஸ்ட்ரெலரும் பாக்டீரியாச் சாற்றோடு சிறுநீரகத் திசுவின் சாரத்தைச் சேர்த்தபோது வெளிச்சம் எகிறியது. சிறுநீரகத்துக்கும் கடல் பாக்டீரியாவுக்கும் என்ன உறவு? துருவிப் பார்த்தால், உள்ளே இருந்தது 16 கார்பன் கொண்ட ஆல்டிஹைடு. பாக்டீரியா தானே தயாரித்துக்கொள்வது 14 கார்பன் கொண்டது என்பது பின்னாளில் தெரிந்தது. ஆய்வகங்களில் பெரும்பாலும் 10 கார்பன் டெகானலை ஊற்றுகிறார்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலும் இருக்கிற சரக்கு. மூடியைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிடும்.

இனி நொதியின் உள்ளே போவோம். ஆக்ஸிஜன் ஆல்டிஹைடை நேராகத் தொடுவதில்லை. முதலில் ஃபிளேவினின் ‘4ஏ’ கார்பனில் ஏறிக்கொண்டு பெராக்ஸைடாகிறது. வெறும் தண்ணீரில் இந்தச் சேர்மம் கண்மூடித் திறப்பதற்குள் சிதைந்துவிடும்; நொதியின் பள்ளத்துக்குள் பல நொடிகள் தாக்குப்பிடிக்கிறது. வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் குழுவினர் 1973-ல் உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து இதைத் தனியாகப் பிரித்தே காட்டினார்கள்.

ஆல்டிஹைடு வந்து சேராவிட்டால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கழன்றுகொள்ளும்; துளி வெளிச்சம் இருக்காது. வந்துவிட்டால், பெராக்ஸைடின் நுனி ஆக்ஸிஜன் ஆல்டிஹைடின் கார்பனைப் பற்றிக்கொள்கிறது. பிறகு இரண்டு ஆக்ஸிஜன்களுக்கும் இடையிலுள்ள பிணைப்பு முறிகிறது. ஒன்று ஆல்டிஹைடோடு போய், அது கொழுப்பு அமிலமாகிறது. மற்றது ஃபிளேவினிலேயே ஹைட்ராக்சிலாகத் தங்கிவிடுகிறது. முறிவில் வந்த ஆற்றல் முழுக்க இந்தத் தங்கிய பங்காளியின் தலையில் இறங்க, அது கிளர்ந்து, தணியும்போது 490 நானோமீட்டர் ஒளியாகக் கொட்டுகிறது. அப்புறம் அந்த ஹைட்ராக்சிலும் தண்ணீராகப் பிரிந்துவிடும். ஆக, ஆக்சிகரணம் அடைவது ஆல்டிஹைடு; பெயர் வாங்குவது ஃபிளேவின்! அந்த நீல ஒளிக்கு மோலுக்குச் சுமார் 58 கிலோ கலோரி தேவை. ஆல்டிஹைடு இல்லாத வழியில் அவ்வளவு கிடைக்காது.

பிணைப்பு முறிவது எப்படி என்பதில்தான் வேதியியலாளர்களுக்குள் சண்டை. ஆல்டிஹைடின் ஹைட்ரஜன் இடம் மாறுவதே முறிவு என்பது ஒரு கட்சி. ஃபிளேவின் முதலில் ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து முறிக்கிறது என்பது மறு கட்சி. ஃபிளேவினின் 8-ஆம் இடத்தில் வெவ்வேறு அணுக்களைப் பொருத்திப் பார்த்தபோது, எலெக்ட்ரானை எளிதில் விடும் ஃபிளேவின்களில் வினை வேகமாக ஓடியது. அதனால் என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு.

மிஞ்சிய கொழுப்பு அமிலத்தை பாக்டீரியா வீணாக்குவதில்லை. ஏ.டி.பி.யைச் செலவழித்து மறுபடி ஆல்டிஹைடாக்கிக்கொள்கிறது. அந்த வேலைக்கென்றே சேர்ந்திருக்கும் நொதிக் கூட்டணியை அடுத்த வாரம் பார்ப்போம்.